சிவப்பு அம்பைப் பாருங்கள்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து வெய் லிங் கூப்பிட்டார். நான் பார்த்த பிரிவுக்கு இப்போது அவர்தான் தலைவர். எங்கள் கைபேசி கேமை ஆடும் ஆட்டக்காரர்கள் அனுப்பும் புகார்களைப் படித்துப் பதில் எழுத ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். கையால் பதில் எழுதிய காலத்தில் எப்படி வேலை நடந்தது என்று புதியவர்களுக்காக ஏதாவது எழுதித் தர முடியுமா, ஒரு பக்கம் போதும் என்றார். பதினாறு வருடம் ஒரு பக்கத்தில் அடங்கும் என்று அவர் நினைத்தது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் பிறர் சொல்லும் குறையை முகம் சுளிக்காமல் கேட்பதுதானே என் தொழிலாக இருந்தது. சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

என் பெயர் ஃபிலோமினா. கேம் கம்பெனிக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி பற்றிய தொலைபேசிப் புகார்களை வாங்கிக்கொண்டிருந்தேன். பயிற்சி என்றால் அதுதான். தண்ணீர் ஒழுகும் இயந்திரத்தின் முன் நின்று கத்துகிறவரிடம், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எப்படி ஒரு கேள்வியை நுழைப்பது என்று கற்றுக்கொண்டேன். நாற்பத்தேழு வயதில் சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில், தாழ்ப்பாளும் கீலும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த கேம் கம்பெனியில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்கு மக்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். கேம் கம்பெனி என்பேன். கேரம் போர்டு செய்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியை நடத்தியவர் மன்சூர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பம் இங்கே துணி வியாபாரம் செய்தது. இவர் மட்டும் தப்பித்து ஒலிப்பதிவு படித்து, பிறகு கேம் செய்ய வந்துவிட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யாராவது நல்லது சொன்னால் அந்தப் பென்சிலை எடுக்க மாட்டார். குறை சொன்னால்தான் எடுப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புகார் வாசிப்பு நடக்கும். அந்த வாரம் வந்தவற்றில் முக்கியமானதை நான் பொறுக்கி வைப்பேன். குறை யாருடைய வேலையைப் பற்றியதோ அவரேதான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. பாதிப் பேர் "ஆனா" என்று தொடங்க வந்து, வாயில் தண்ணீர் இருப்பதால் தொடங்க முடியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு நீள நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டு எழுதுவோம். ஆட்டக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார், அவருக்கு என்ன ஆனது, நாம் என்ன செய்ய வேண்டும் என்கிறார். எழுதி முடித்ததும் மன்சூர் மூன்றாவது பத்தியைப் பின்பக்கமாக மடித்துவிடுவார்.

"வலி எங்கன்னு அவங்கதான் சொல்லணும். மருந்துச் சீட்டு நாம எழுதுவோம்" என்பார்.

இவ்வளவு ஒழுங்காகக் குறைகளைக் கேட்கிற கம்பெனி சிங்கப்பூரிலேயே இல்லை என்று நான் நம்பினேன். மன்சூரும் நம்பினார்.

எங்களுக்குச் சோறு போட்ட கேமின் பெயர் 'நாலு அடுப்பு'. திரையின் நாலு மூலையில் நாலு அடுப்பு. ஒன்றில் வடை, ஒன்றில் கறியும் முட்டையும் வைத்து மடிக்கும் முர்தபா, ஒன்றில் ஆப்பம், ஒன்றில் வாழைப்பழம் பொரிக்கும் சட்டி. சரியாக வெந்த நொடியில் அந்த மூலையைத் தொட்டு எடுக்க வேண்டும். முந்தினால் பச்சை, பிந்தினால் கரி. அவ்வளவுதான் ஆட்டம். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஜனங்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருகிய வடையைக் கொடுத்தால், கேமில் வரும் வாடிக்கையாளர் தலையை ஆட்டி "கருகிப்போச்சு" என்பார். அதற்கு எங்களுக்கு வந்த கோபக் கடிதங்கள் கொஞ்சமல்ல. எங்கள் வேலையைக் குப்பை, சோம்பேறித்தனம், கண்றாவி என்று வாரம் தவறாமல் எழுதிய ஒருவர், அந்தப் பொம்மை தன்னை அவமானப்படுத்திவிட்டதாக இரண்டு பக்கம் எழுதினார். பொம்மையை மாற்றினோம். "பரவாயில்லை, அடுத்த முறை நன்றாக வரும்" என்று சொல்ல வைத்தோம். அதே மனிதர், தன்னைக் குழந்தைபோல நடத்துகிறோம் என்று மூன்று பக்கம் எழுதினார். கடைசியில் பொம்மை ஒன்றும் சொல்லாமல் வடையை வாங்கிக்கொண்டு போகும்படி செய்தோம். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. பழையபடி திட்டச் சொல்லுங்கள் என்று மனுப் போட்டார்கள்.

கேம் வந்து மூன்று வருடம் கழித்து ஒரு பெரிய அப்டேட் விட்டோம். அதில் புதிதாகப் பின்னணி இசை வந்தது. மன்சூரே போட்டது. ஆறு மாதம் அதில் உட்கார்ந்திருந்தார். தபேலாவும் கித்தாரும் கலந்து, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரம் தமிழில் ஒரு புகார் வந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, வந்தால் நேரே என் மேசைக்குத்தான் வரும். எழுதியவர் தனபாலன், செம்பவாங் பக்கம் இருப்பவர். "புது அப்டேட்டுக்குப் பிறகு வடை எப்போது வெந்தது என்று தெரியவில்லை. பாட்டை நிறுத்துங்கள்."

எங்களிடம் பதினான்கு தயார் பதில்கள் இருந்தன. எல்லாம் நான் எழுதியவை. ஆறாம் எண் இப்படிப் போகும்: "உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி. பதார்த்தம் வெந்ததும் அந்த மூலையில் ஒரு சிவப்பு அம்பு மின்னும். தயவுசெய்து சிவப்பு அம்பைப் பாருங்கள்." ஆறாம் எண்ணை அனுப்பினேன்.

"நான் கேட்டது பாட்டைப் பற்றி. அம்பைப் பற்றி அல்ல" என்று பதில் வந்தது. வணக்கத்தை மட்டும் மாற்றி மறுபடியும் ஆறாம் எண்ணை அனுப்பினேன். "அந்த அம்பை எடுத்து உங்கள் கண்ணில் குத்திக்கொள்ளுங்கள்" என்று வந்தது. இது தகாத பேச்சு, முதல் எச்சரிக்கை என்று சேர்த்து, கீழே ஆறாம் எண். அதற்கும் திட்டுதான் வந்தது; இரண்டாம் எச்சரிக்கைக்குக் கீழேயும் ஆறாம் எண். ஐந்தாவதாக அவர் ஒரே வரி எழுதினார். "உங்கள் ஆபீசில் யாருக்காவது காது இருக்கிறதா?"

மூன்றாம் எச்சரிக்கை என்றால் ஆளைத் தடை செய்யலாம். ஆனால் தடை செய்வதற்கு முன் நாங்களே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு முறை பேச வேண்டும் என்பது மன்சூரின் விதி. எனக்கு அந்த விதி பிடிக்காது. வீண் வேலை என்று நினைப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று கூப்பிட்டேன்.

குரல் நிதானமாக, தொலைபேசியில் பேசிப் பழகிய குரலாக இருந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, சிவப்பு அம்பு மேடமா? சொல்லுங்க."

"சார், உங்க பிரச்சனைய நாங்க புரிஞ்சுக்க முயற்சி பண்றோம். இப்ப கேம கொஞ்சம் திறக்க முடியுமா?"

"திறந்துட்டேன்."

"இடது பக்கம் மேல் மூலையில என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"இன்னும் லோட் ஆகலையா சார்?"

"அது ஆயிடுச்சு மேடம். எனக்குத்தான் ஆகல. இருபத்தாறு வயசுலேருந்து."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது என் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"சார், ரொம்ப மன்னிக்கணும். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..."

"இது எத்தனாம் நம்பர்?" என்று கேட்டார். "நானும் இதே வேலைதான் மேடம். ஹோட்டல் ரிசர்வேஷன் லைன். பதினோரு வருஷமா நாள் முழுக்க மன்னிப்பு கேக்குறேன். நீங்க அடுத்து என்ன சொல்வீங்கன்னு எனக்கு மனப்பாடம் லா."

கண் தெரியாமல் எப்படி ஆடினார் என்று கேட்டேன். சொன்னார். வடையை எண்ணெயில் போட்டதும் சத்தம் பெரிதாக இருக்கும். ஈரம் போகப் போக மெலியும். ஒரு கட்டத்தில் மழை விடுகிற மாதிரி ஆகும். அப்போது எடுக்க வேண்டும். ஆப்பத்துக்கு ஓரம் சட்டியை விட்டு எழும்பும் சின்ன ஒலி. இயர்போன் மாட்டிக்கொண்டால் எந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும். நாலு அடுப்பும் நாலு மூலையில் நகராமல் இருப்பதால் விரல் தானே போகும். மூன்று வருடம் வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஆடியிருக்கிறார். அவருடைய கணக்கைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு மேலே பல ஆயிரம் பேர் தாண்டி இருந்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார், கண்ணு தெரியாதுன்னு."

"எதுக்கு? சொன்னாத்தான் வாசிப்பீங்களா? சத்தம் கேக்கலன்னுதானே எழுதுனேன். அதுக்குக் கண்ணு எதுக்கு?"

 என் பதினான்கு தயார் பதில்களிலும் அதற்கு ஒன்று இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. இசையைப் பற்றிய குறை என்பதால் மன்சூர்தான் எழுந்து வாசிக்க வேண்டும். தொண்டை சரியில்லை என்று சொல்லி வெய் லிங்கை வாசிக்கச் சொன்னார். வெய் லிங் அப்போது நிரலாளர். தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, யார் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தெரியாமல் டம்ளரையும் மன்சூரையும் மாறி மாறிப் பார்த்தார். டம்ளர் அப்படியே இருந்தது.

"ஒரே ஒருத்தர்தானே அக்கா" என்றார் மன்சூர்.

"ஒருத்தர்தான் எழுதியிருக்காரு."

"மத்தவங்களுக்கு மியூசிக் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்குன்னு யாரும் எழுதல மன்சூர். பிடிக்கலன்னு எழுதல, அவ்வளவுதான்."

அவர் நோட்டை இழுத்துப் பார்த்தார். 'பாட்டை நிறுத்துங்கள்' என்பது மூன்றாவது பத்தியில் இருந்தது. அமைதியாகத் தாளை மடித்தார். இத்தனை வருடம் அந்த மடிப்பை நான் நியாயம் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அது ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதே ஆளுக்கு நான்கு முறை அம்பைக் காட்டியவள் நான்.

"ரெண்டாவது பத்தியில அவருக்கு ஆனத யாராவது நாமளே செஞ்சு பாத்தோமா?" என்று கேட்டேன். "எல்லாரும் ஃபோனக் கவுத்துப் பிடிச்சிக்கிட்டு ஒரு தடவ ஆடிப் பாக்கலாமே."

மன்சூர் மறுக்கவில்லை. தோற்கப்போவது நான்தான் என்று நினைத்திருக்கலாம். வெய் லிங் பழைய பதிப்பையும் புதியதையும் இரண்டு கைபேசியில் போட்டுக் கொடுத்தார். மன்சூர் முதலில் புதியதை எடுத்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு, திரையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, விரல்களை அடியில் வைத்து ஆடினார். பத்து வடையும் கரி. அவர் வாசித்த தபேலா, எண்ணெய்ச் சத்தம் மெலிய வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

பிறகு பழையதை எடுத்தார். முதல் இரண்டும் போயின. மூன்றாவது சரியாக வந்தது. நான்காவதும் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தங்களைப் பதிவு செய்ய, தேக்கா சந்தையில் ஒரு வடைக்கடையில் இரண்டு நாள் காலை முழுக்க ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ஒவ்வொரு சட்டிக்கும் ஒவ்வொரு சத்தம் வேண்டும் என்று கடைக்காரரிடம் மாவை மாற்றிப் போடச் சொல்லித் திட்டு வாங்கியவர். கண் இல்லாமல் ஆடக்கூடிய ஒன்றைத் தானே செய்திருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபோது அதன்மேல் ஆறு மாதம் உழைத்து ஒரு பாட்டை ஊற்றி மூடியிருந்தார்.

இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போனார். மேலிருந்து பார்த்தேன். தாழ்ப்பாள் கடை வாசலில் நின்று, வாங்கப்போகிறவர்போல ஒரு கீலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. வாசிப்பு நாள் இல்லை. பத்து மணிக்கு வந்து, எழுந்து நின்று, தனபாலனின் ஐந்து கடிதங்களையும் தமிழிலேயே வாசித்தார். கண்ணில் குத்திக்கொள்ளச் சொன்னதையும் விடவில்லை. டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். நான் ஆறாம் எண்ணை நான்கு முறை வாசித்தேன். மூன்றாவது முறை வாசிக்கும்போது வெய் லிங்குக்குச் சிரிப்பு வந்தது. நான்காவது முறை அவரும் சிரிக்கவில்லை.

இசையை நிறுத்த ஒரு சுவிட்ச் வைப்பது என்று முடிவானது. இரண்டு வாரத்தில் செய்து முடித்து, நான் பெருமையாகத் தனபாலனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நல்லது மேடம். சுவிட்ச் எங்க இருக்கு?"

"செட்டிங்ஸ்ல, வலது பக்கம் கீழ, சின்னதா ஒரு..."

நானே நிறுத்திக்கொண்டேன். 

அதன் பிறகுதான் அவரை அலுவலகத்துக்கே வரச் சொன்னோம். கைத்தடியோடு ஜாலான் புசார் மாடிப்படி ஏறி வந்தார். கடைசிப் படி மற்றவற்றைவிட உயரம் என்று வந்ததும் முதல் குறையைச் சொன்னார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேமை ஆடி, ஒன்றுவிடாமல் சொன்னார். வெய் லிங் கை வலிக்க எழுதினார். கேம் திறந்ததும் இசை வேண்டுமா என்று ஒரு குரல் கேட்க வேண்டும், வேண்டும் என்று சொல்லாவிட்டால் இசை வராமலே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அவர் சொன்ன மருந்துச் சீட்டை அப்படியே எடுத்துக்கொண்டோம். நோட்டில் அன்றைக்கு எந்தத் தாளையும் மடிக்கவில்லை.

கிளம்பும்போது மன்சூர் கேட்டார். கேட்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். "மியூசிக்கத் தனியா, மியூசிக்காக் கேட்டா எப்படி இருந்துச்சு?"

தனபாலன் கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு லா. கொஞ்சம் நீளம்."

மன்சூர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

புதிய பதிப்பு வந்த அன்றே, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போனவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. பாட்டு எங்கே போனது, ஏன் எடுத்தீர்கள், அது இல்லாமல் ஆடவே பிடிக்கவில்லை, யாரைக் கேட்டு மாற்றினீர்கள். ஒருவர், அந்தத் தபேலாவைக் கேட்டுத்தான் தன் பிள்ளை தூங்குவான் என்று எழுதியிருந்தார். பாட்டு இருந்த காலத்தில் இவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியதில்லை. மன்சூர் அந்தப் புகார்களை அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு இவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

இது நடந்து ஐந்து வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மத்தியானம் என் பெயரில் முடிக்காமல் கிடந்த புகார்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தேன். தனபாலனுடைய முதல் புகார் இன்னும் திறந்தே இருந்தது. முடிக்க வேண்டுமானால் ஆட்டக்காரருக்குப் பதில் அனுப்பியாக வேண்டும். நாங்கள் எத்தனையோ முறை பேசிவிட்டோம், ஆனால் அந்தக் கடிதத்துக்கு அந்த நான்கைத் தவிர நான் எழுத்தில் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

தயார் பதில் எதையும் திறக்காமல் எழுதினேன். நீங்கள் எழுதியதை வாசிக்காமலே பதில் அனுப்பினேன், ஒரு முறை அல்ல, நான்கு முறை, உங்களைத் தடை செய்யத்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த வேலையில் நான் எழுதிய ஒரே நல்ல கடிதம் அது என்று நினைத்துக்கொண்டு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"மேடம், கடிதம் கிடைத்தது. என் கைபேசி வாசித்துக் காட்டியது. கடைசி வரியில் 'உங்களை மனமார வருத்துகிறேன்' என்று வருகிறது. அது உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது 'வருந்துகிறேன்' என்று நினைக்கிறேன். 'உங்களை' என்பதும் அப்போது தேவைப்படாது."

 விசைப்பலகையில் இரண்டு எழுத்தும் அருகருகே இருக்கின்றன, கணினி தானே மாற்றிவிடுகிறது, இன்று எனக்குக் கடைசி நாள், கண்ணாடியும் மாற்ற வேண்டியிருக்கிறது என்று கடகடவென்று நாலு வரி எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாலு வரியையும் அழித்தேன். கடைசி வரியைத் திருத்திக் கடிதத்தை மறுபடி அனுப்பினேன்.

"இப்போது சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். "முடித்துக்கொள்ளலாம்."